மலிவு செட், உயர்விலை செட்: வித்தியாசம் காதில் இருக்கிறது

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்தார். அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் சீனக் கையடக்க வானொலி. மற்றொன்று ஐம்பதாயிரத்தைத் தாண்டும் ஜப்பானியச் செட்.

"அண்ணா, இரண்டிலும் 5 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. இருபது மடங்கு பணம் கொடுத்தால் இருபது மடங்கு தூரம் போகுமா?"

போகாது. ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். அப்படியானால் அந்த ஐம்பதாயிரம் எங்கே போகிறது? புதிதாக இந்தப் பக்கம் வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மாடியில் அவருக்குச் சொன்னதையும் செய்து காட்டியதையும் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி என்பது, அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொள்வது. நடுவில் கைபேசிக் கோபுரம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை, வியாபாரப் பேச்சும் கூடாது. நம் நாட்டில் கையடக்கச் செட்டில் பேசுவதற்கு முக்கியமாக இரண்டு அலைவரிசைகள் உண்டு. ஒன்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளத்தை வைத்து இதை 2 மீட்டர் என்பார்கள். மற்றொன்று 434 முதல் 438 வரை. இது 70 சென்டிமீட்டர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் தூரத்தை முடித்துவிடுகிறேன். இந்த அதிர்வெண்களில் ரேடியோ அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். எங்கள் மாடியில் ஏறி நின்றால் வானம் தெளிவாக உள்ள நாளில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கீழே தெருவில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். செட்டுக்கும் அப்படித்தான். பூமி வளைந்திருப்பதால் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு எல்லை வந்துவிடுகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். கையில், முக உயரத்தில், 1.5 மீட்டரில் பிடித்தால் சுமார் 5 கிலோமீட்டர். மூன்று மாடிக்கு மேலே 12 மீட்டரில் வைத்தால் 14 கிலோமீட்டர். எதிரில் இருப்பவரும் அதே உயரத்தில் இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். இது வழியில் எதுவும் இல்லாதபோது. கான்கிரீட் வீடுகளுக்கு நடுவே தெருவில் நின்று பேசினால் இரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல நாள்தான்.

வாட்டைக் கூட்டினால்? "8 வாட்", "10 வாட்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். கேட்பவரின் செட்டில் சமிக்ஞை மீட்டர் ஒரு படி ஏறுவதற்கே ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். 5 வாட்டை 10 ஆக்கினால் அரைப் படிதான். ஒரு மாடி ஏறிப் பேசினால் இதைவிட அதிகம் கிடைக்கும், பேட்டரியும் மிஞ்சும். ஆகவே தூரத்துக்காக யாரும் விலை உயர்ந்த செட் வாங்க வேண்டாம்.

வாங்க வேண்டுமென்றால் அது காதுக்காக.

இதைப் புரிந்துகொள்ளக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். பத்து இடத்தில் ஒரே நேரத்தில் ஏலம் போகிறது. ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டி ஹாரன், கூடை இறக்குகிறவர்களின் கூச்சல். அவ்வளவுக்கும் நடுவே வியாபாரம் செய்து பழகிய ஓர் அம்மா, தனக்கு வேண்டிய ஏலக்காரரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் விலையைக் கூட்டுகிறார். புதிதாகப் போனவருக்கு எல்லாம் இரைச்சல். இருவருக்கும் காது கேட்கும் திறன் ஒன்றுதான். பிரித்துக் கேட்கும் திறன்தான் வேறு.

வானொலியிலும் இவை இரண்டும் தனித்தனி. மெல்லிய சமிக்ஞையைக் கேட்கும் திறன் ஒன்று. விளம்பரத் தாளில் 0.2 மைக்ரோவோல்ட் என்ற அளவில் போட்டிருப்பது இதைத்தான். மலிவு செட்டிலும் உயர்விலை செட்டிலும் இந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், அதனால் படிப்பவர் ஏமாந்துபோவார். பக்கத்தில் பலமான சமிக்ஞைகள் இருக்கும்போதும் வேண்டியதை மட்டும் பிரித்துக் கேட்கும் திறன் இரண்டாவது. விலை ஏறுவது இங்கேதான்.

மாணவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. என்னிடம் இரண்டு வகைச் செட்டும் இருக்கின்றன. இரண்டையும் கைப்பிடிச் சுவர்மேல் அருகருகே வைத்தேன். இரண்டிலும் கூடவே வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாதான். ஒரே அதிர்வெண்ணில் வைத்து, திருவொற்றியூரில் இருக்கும் நண்பரை அவர் வீட்டு மாடியிலிருந்து பேசச் சொன்னேன். இரண்டு செட்டிலும் குரல் சுத்தமாக வந்தது. மாணவர் என்னைப் பார்த்தார். "வித்தியாசமே இல்லையே, அண்ணா."

பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் குழாயில் கட்டியிருக்கும் ஆன்டெனாவின் கேபிளை இறக்கி முதலில் உயர்விலை செட்டில் மாட்டினேன். நண்பரின் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல இன்னும் திடமாக வந்தது. அதே கேபிளைக் கழற்றி மலிவு செட்டில் மாட்டினேன். குரல் கரகரத்தது, பாதி வாக்கியத்தில் அறுந்தது. நண்பர் பேசாமல் இருந்த நேரத்தில், சம்பந்தமே இல்லாத வேறு யாருடைய பேச்சோ துண்டு துண்டாக உள்ளே வந்தது. ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் நன்றாகக் கேட்க வேண்டும் அல்லவா? அந்தச் செட்டுக்கு அது தலைகீழாக நடந்தது.

காரணம் வாசலில் இருக்கிறது. உயர்விலை செட்களில், வேண்டிய அலைவரிசையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி ஆன்டெனாவுக்கு அடுத்தபடியே இருக்கும். அதைத் தாண்டி வரும் சமிக்ஞையை ஒரு நிலையான இடை அதிர்வெண்ணுக்கு மாற்றி, மறுபடியும் குறுகலான வடிகட்டிகளில் செலுத்துகிறார்கள். இந்த முறைக்குச் சூப்பர்ஹெட்டரோடைன் என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-ல் கண்டது, நூறு வயது தாண்டியும் உழைக்கிறது. மீன் வலையில் கண்ணின் அளவைப் பொறுத்துத்தானே எது சிக்கும், எது நழுவும் என்பது தீர்மானமாகிறது? இங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வலை, ஒவ்வொன்றிலும் கண் சிறிதாகிக்கொண்டே போகிறது.

மலிவு செட்டிலோ வானொலியின் பெரும்பகுதி ஒரே ஒரு சில்லுக்குள் (சிப்) அடங்கிவிடுகிறது. பாவோஃபெங் யுவி-5ஆர் செட்டை உலகம் முழுக்கப் பரப்பியது இந்த உத்திதான். குவான்ஷெங் யுவி-கே5 வேறொரு சில்லைக் கொண்டு அதே வழியில் வந்தது. அந்தச் சில்லைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கணக்குப் போட்டு வடிகட்டும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. அந்த விலைக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுத்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வாசலில் காவல் குறைவு. வருகிற எல்லாச் சமிக்ஞையும் முதல் பெருக்கியின்மேல் ஒன்றாக ஏறுகிறது. பலமானது ஒன்று வந்தால் பெருக்கி திணறிப்போய் மெல்லியதை விட்டுவிடுகிறது. இரண்டு பலமான சமிக்ஞைகள் வந்தால் அவை உள்ளேயே கலந்து, காற்றில் இல்லாத மூன்றாவது ஒன்றை உண்டாக்குகின்றன. நாங்கள் கேட்ட துண்டுப் பேச்சு அதுதான். ரப்பர் ஆன்டெனா இருந்தவரை அது எல்லாவற்றையுமே குறைவாகப் பிடித்துக் கொடுத்ததால் செட் பிழைத்தது. பெரிய ஆன்டெனா கொட்டியதும் மூழ்கிவிட்டது.

வடசென்னைக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நமக்கு அருகிலேயே துறைமுகம். கப்பல்களும் படகுகளும் பேசும் கடல்சார் அலைவரிசை 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. நம் 2 மீட்டருக்கு அது அடுத்த தெரு. வயல்வெளி நடுவே இருக்கும் ஒருவர் "என் மலிவு செட்டில் எந்தக் குறையும் இல்லை" என்று சொன்னால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் ஊரில் சத்தம் இல்லை. கடற்கரைச் சாலையில் பேசும் நாம் அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

காதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அடுத்தவரைப் பாதிப்பது. எந்த ஒலிபரப்பியும் தான் பேச வேண்டிய அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் கொஞ்சம் சிந்தும். நல்ல செட்டில் வெளியேறும் இடத்தில் உள்ள வடிகட்டி இந்தச் சிந்தலை 60 டெசிபெல் அளவுக்கு அடக்கும். அதாவது 5 வாட் பேசும்போது சிந்துவது 5 மைக்ரோவாட், பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 40 டெசிபெல்தான் அடக்குகிறது என்றால் சிந்துவது அரை மில்லிவாட், நூறு மடங்கு அதிகம். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் ஆய்வகத்தில் சோதித்தபோது, மலிவு செட்களில் பல அந்நாட்டு வரம்பைத் தாண்டிச் சிந்தியது தெரியவந்தது. ஒரே மாதிரியில் ஒரு செட் தேறும், அடுத்தது தேறாது என்பதுதான் சங்கடம். தரக்கட்டுப்பாடும் அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதி.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். 145.100-ஐ மூன்றால் பெருக்கினால் 435.300. நண்பர் ஒருவரை நான்கைந்து தெரு தள்ளி 435.300-ல் கேட்கச் சொல்லிவிட்டு, நீங்கள் 145.100-ல் பேசிப் பாருங்கள். அங்கே உங்கள் குரல் தெளிவாகக் கேட்டால் செட் சிந்துகிறது. ஒரே அறையில் வைத்துச் சோதிக்காதீர்கள். அவ்வளவு அருகில் கேட்கும் செட்டே திணறி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். உரிமம் உள்ளவர்தான் இந்தச் சோதனையைச் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற வசதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஐகாம் ஐடி-52, கென்வுட் டிஹெச்-டி75, யாயேசு எஃப்டி-5டி போன்ற உயர்விலை செட்களில் வண்ணத் திரை, ஜிபிஎஸ், எண்முறை (டிஜிட்டல்) பேச்சு எல்லாம் உண்டு. எண்முறையில் ஒரு சிக்கல்: ஐகாமும் கென்வுட்டும் பேசும் டி-ஸ்டார் முறை யாயேசுவின் முறைக்குப் புரியாது. மூன்றாவதாக டிஎம்ஆர் என்று ஒன்றும் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் எதில் பேசுகிறார்கள் என்று தெரியாமல் இதற்காகப் பணம் போடுவது வீண். இரண்டு அலைவரிசைகளை உண்மையிலேயே ஒரே நேரத்தில் கேட்பது உயர்விலை செட்களில் பலவற்றால் முடியும். மலிவு செட் மாறி மாறி எட்டிப் பார்க்கும். ஒன்றில் பேச்சு வந்தால் மற்றதைத் தவறவிடும்.

செட்டின் உடம்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பார்த்துவிட்ட ஊர் நம்முடையது. மிக்ஜாம் மழையில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் மிதந்து வந்ததை மறக்க முடியுமா? அப்படிப்பட்ட நாளில் மழையில் கையில் பிடித்துப் பேச, நனையாத செட் பெரிய துணை. ஆனால் ஐபி எண் உப்புக் காற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடலோரம் வசிப்பவர் எந்த விலை செட்டாக இருந்தாலும் ஆன்டெனா திருகும் இடத்தையும் பேட்டரி தொடுமுனைகளையும் மாதம் ஒருமுறையாவது உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். என் முதல் செட்டின் தொடுமுனையில் பச்சை பூத்த பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

மலிவு செட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. உதிரிப் பேட்டரி சில நூறு ரூபாய்தான். சிலவற்றைக் கைபேசி சார்ஜரிலேயே ஏற்றலாம். சிர்ப் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கணினியிலிருந்து அதிர்வெண்களை ஏற்றிக்கொள்ளலாம். கீழே விழுந்து உடைந்தால் மனம் உடையாது. படகிலோ மலையிலோ கொண்டுபோகத் தயங்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒன்று. கடைசியில் எழுதுவதால் சிறியது என்று நினைக்காதீர்கள். மலிவு செட் பெரும்பாலும் 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை எங்கே வைத்துப் பொத்தானை அழுத்தினாலும் பேசும். நமக்கு அனுமதி 144-146, 434-438 மட்டுமே. கடலில் ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்கும் 16-ம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், மலிவு செட் பேசும் எல்லைக்குள்தான் இருக்கிறது. விளையாட்டாக அங்கே அழுத்தினால் காசிமேட்டிலிருந்து போன ஏதோ ஒரு படகின் குரலை நீங்கள் மூடிவிடலாம். உயர்விலை செட்கள் ஹாம் அலைவரிசைக்குள் பூட்டியே வரும். ஆனால் சில நாடுகளுக்கான செட் 148 வரையும் 440-க்கு மேலும் பேசும், ஆகவே அங்கேயும் கவனம் வேண்டும். உரிமம் இல்லாமல் இந்தச் செட்களில் பேசுவது குற்றம். 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விதிகளை மீறி வாக்கி டாக்கி விற்றதற்காக இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. "இணையத்தில் விற்கிறார்களே" என்பது அனுமதி ஆகாது.

தேர்வு கடினமானது அல்ல. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். உரிமத்தில் இரண்டு தரம் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறி) தேவையில்லை, தேறினால் காற்றில் உங்கள் பெயராக நிற்கும் அழைப்புக் குறி VU3, அதாவது விக்டர் யூனிஃபார்ம் 3, என்று தொடங்கும். ஜெனரல் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும், அவர்களுடையது விக்டர் யூனிஃபார்ம் 2.

அந்த மாணவருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். உரிமம் கைக்கு வந்ததும் நல்ல பெயர் உள்ள ஒரு மலிவு செட்டை வாங்கட்டும். முதல் ஆறு மாதம் கேட்பதே பாடம். விண்வெளி நிலையம் நம் தலைக்குமேல் கடக்கும்போது 145.800-ல் காதை வைத்தால் சில நாட்களில் விண்வெளி வீரர்களின் குரலே வரும், அதற்கு ஐம்பதாயிரம் தேவையில்லை. மிச்சப் பணத்தில் ஆன்டெனாவைக் கவனிக்கட்டும். 2 மீட்டரில் கால் அலைநீளம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். செட்டோடு வரும் ரப்பர் அதைவிட மிகவும் குட்டை. கொஞ்சம் நீளமான ஆன்டெனாவுக்கு மாறினாலே வித்தியாசம் காதில் தெரியும். வாங்கும்போது முனையைப் பார்க்க வேண்டும்: சீனச் செட்களில் பெரும்பாலும் ஊசி செட்டில் இருக்கும், ஜப்பானியச் செட்களில் துளை செட்டில் இருக்கும். மாற்றி வாங்கினால் திருகவே முடியாது. ஒரு வருடம் பேசிப் பார்த்த பிறகு, மாடி ஆன்டெனாவில் செட் மூழ்குகிறது என்று அவருடைய காதே சொன்னால், அப்போது காசு சேர்த்து நல்ல செட்டுக்குப் போகட்டும். அந்தக் காசு எதற்கு என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்கும்.

மாணவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது தொட்டிமேல் இருந்த ஆன்டெனாவைக் காட்டி, அது என்ன விலை என்று கேட்டார். ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமிருந்த செப்புக் குழாயில் ஒன்றரை மீட்டர் வாங்கி நானே செய்தது. கேபிள்தான் காசு, மெல்லிய கேபிளாக 10 மீட்டர் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வழியிலேயே கரைந்துவிடும், அதனால் தடித்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு குழாயோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பற்றவைக்கும் கோலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.